குளக்கட்டு கசியத்தான் செய்யும்

பத்தரமுல்லையைத் தாண்டி, தலங்கம குளத்தின் ஓரமாகக் காலையில் நடக்கப் போகிறவர்கள் தண்ணீர்ப் பக்கம்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதும்தான்: நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் நடக்கும், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். ஆனால் இப்படியொரு குளம் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், கட்டின் மறுபக்க அடிவாரத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தள்ளித்தான் மண்கட்டு உடைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். 3.5 மீற்றர் உயரம், மேலே 2 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயர்வதற்கு இரண்டரை மீற்றர் விரியும் சரிவு இரண்டு பக்கமும். 3 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், கட்டின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் விழும் தள்ளல் சுமார் 4.5 தொன். அதே ஒரு மீற்றர்த் துண்டின் எடை 60 தொன்னுக்கு மேல்! குளம் எவ்வளவு பரந்து கிடந்தாலும் இந்தத் தள்ளல் அதிகமாகாது. ஆழம்தான் கணக்கு.

அப்படியானால் எது உடைக்கிறது? பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மழை வெள்ளம் கட்டின் மேலால் வழிந்து மண்ணை அரிப்பது. அதற்குத்தான் கட்டின் உச்சியை விடத் தாழ்வாக, மிகை நீர் வழிந்தோட, கல்லோ கொங்கிரீட்டோ போட்ட வான் என்ற வழி இருக்கிறது. குளம் வான் பாய்ந்தால் கட்டு தப்பும்.

இரண்டாவது, உள்ளே நடப்பது. எவ்வளவு நல்ல களிமண்ணை இறுக்கினாலும் தண்ணீர் மண்துகள்களுக்கு இடையே மெதுவாக ஊர்ந்து போகும். கட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நனைந்த மண்ணின் மேல் எல்லை குளத்துப் பக்கம் உயரமாகத் தொடங்கி, மறுபக்க அடிவாரத்தை நோக்கிச் சரிந்து இறங்குவது தெரியும். கசிவில் தவறில்லை. அது மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறதா என்பதுதான் கேள்வி. அடிவாரத்தில் தெளிந்த நீர் ஊறினால் சரி. கலங்கி வந்தால் உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அடிவாரத்தில் மணலும் அதற்கு அப்பால் சரளையும் அடுக்குகிறார்கள். மணல் களித்துகளைப் பிடிக்கும், சரளை மணலைப் பிடிக்கும், தண்ணீர் மட்டும் வெளியே போகும்.

இந்தக் கசிவால் கட்டின் கீழே ஒரு ஈர நிலம் உருவாகும். தவளைக்கும் நண்டுக்கும் கொக்குக்கும் அது போதும். குளத்துப் பக்கமோ வேறு கதை. அங்கே வான் மட்டம் தண்ணீரின் உச்ச வரம்பை வைக்கிறது, துருசு, அதாவது தண்ணீரைத் திறந்துவிடும் மதகு, அதை இறக்குகிறது. மட்டம் இறங்கும்போது ஓரச் சேறு வெளியே தெரியும், காற்றுப் படும், அழுகிய தாவரங்கள் வேகமாக மட்கும், புல் முளைக்கும். மறுபடி தண்ணீர் ஏறும்போது அந்தச் சத்தில் பூச்சிகளும் மீன்குஞ்சுகளும் பெருகும். ஆழமில்லாத ஓரத்தில் கொக்கு நிற்கும், நடுவில் நீர்க்காகம் முங்கும். ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிறைத்து வைத்த குளம் படத்துக்கு அழகு, பறவைக்கு அவ்வளவு நல்லதில்லை.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அதனால் குளக்கரையில் மரம் நடும் ஆர்வமும் வரக்கூடும். கட்டின் மேல் மட்டும் வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் அழுகி, அது இருந்த இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும். எலியும் நண்டும் தோண்டும் வளைகளும் அப்படித்தான். கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு கட்டில் குழி பறித்தாலும் அதே வம்பு. கட்டில் புல் மட்டும் வளர்த்து, அதையும் குட்டையாக வெட்டி வைத்தால் புதுக் குழியோ ஈரத் திட்டோ உடனே கண்ணில் படும். மரங்களை நீரோரத்திலும் மேட்டிலும் தாராளமாக நடலாம்.