ஃபேனை நிறுத்தினால் கேட்கும் சத்தம்

மார்கழியில் ஃபேனை நிறுத்திய பிறகுதான் அந்த அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. புதுச்சேரியில் திண்ணையும் முற்றமும் வைத்த பழைய வீடு. பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் ஒரே சுவர். "ராத்திரியானா சுவத்துக்குள்ள வண்டு கத்துது தம்பி" என்றார். மகனோ செல்போன் ஆப்பில் அளந்து பார்த்து, "37 டெசிபல்தான் சார், அம்மாவுக்கு மனப்பிரமை" என்று முடிவே கட்டிவிட்டார்.

வீடுகளுக்கு 35 முதல் 40 வரை இருக்கலாம் என்பது நம் கட்டட விதிகளில் நெடுநாளாக உள்ள கணக்கு. அதன்படி 37 சரிதான்.

சத்தத்தை அளப்பது என் வேலை. இரவு 11 மணிக்குப் போனேன். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்தியாயிற்று. சரியாக 94 டெசிபல் ஒலி எழுப்பும் கேலிபரேட்டரில் மீட்டரைச் சரிபார்த்து, தலையணை உயரத்தில் ஸ்டாண்டில் வைத்தேன். அதிலும் 37! (அன்று ஆப் பொய் சொல்லவில்லை. பல நாள் சொல்லும்.)

சிக்கல் அந்த எண்ணுக்குள்தான் இருந்தது. தாழ்ந்த சுருதி ஒலி நம் காதுக்குக் குறைவாகக் கேட்கும் என்பதால் 'ஏ' அளவீட்டில் மீட்டர் அதைக் கழித்துக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல், 63 ஹெர்ட்ஸில் 26. ஆக, ஒரு ரீங்காரம் அப்படிக் கழித்ததில் ஒளிந்துகொள்ளலாம். எதையும் கழிக்காமல், சத்தத்தைச் சுருதி வாரியாக ஆக்டேவ் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தேன். 125 ஹெர்ட்ஸ் பட்டையில் 54. ஒவ்வொரு பட்டைக்கும் எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்று சொல்லும் வரம்புக் கோடுகள் உண்டு; படுக்கையறைக்கு நாங்கள் பார்க்கும் என்சி-30 கோட்டில் அங்கே 48தான் இருக்கலாம்.

சுவரில் கை வைத்தேன், லேசாக அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஒரு கடையின் ஃப்ரீசர் கம்ப்ரஸர், இரும்பு பிராக்கெட்டில் நேராகச் சுவரிலேயே போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் ரீங்காரம் அதன் இருமடங்கான 100இல் வரும். அது விழுவது 125 பட்டையில்தான். கோடை முழுக்க ஃபேன் சத்தம் அதை மூடி வைத்திருந்தது.

மகன் சுவருக்கு ஃபோம் ஒட்டலாமா என்று கேட்டார். ஃபோமும் முட்டைத் தட்டும் இதற்கு உதவாது, காசுக்குத்தான் கேடு. சுவர் வழியாக வரும் அதிர்வை வருகிற இடத்தில்தான் வெட்ட வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர். யூனிட்டைக் கழற்றி, மாடியில் ரப்பர் பேட் போட்ட ஸ்டாண்டில் வைத்தார்.

மறுபடி அளந்தேன். 125 பட்டையில் 41, 'ஏ' அளவீட்டில் மொத்தம் 34.

"மூணுதானா குறைஞ்சிருக்கு?" என்றார் மகன்.

"நேத்து விடியற வரைக்கும் தூங்கினேன்" என்றார் அம்மா.