குடல் புண்ணான பிறகு ஊற்றும் புரோபயாடிக்

22 நாள் வயதுக் கறிக்கோழி ஒன்றின் குடலைப் பிளந்து பண்ணைக்காரரிடம் காட்டினேன். வெல்வெட் போல மெத்தென்று இருக்க வேண்டிய உட்சுவர், நைந்த குளியல் துண்டு மாதிரி சொரசொரத்துக் கிடந்தது. குடல் காற்றில் உப்பி, விரல் பட்டாலே கிழிந்தது.

“நாலு நாளா தண்ணியில புரோபயாடிக் கலந்து குடுக்கிறேனே டாக்டர், ஏன் கேக்கல?” என்றார்.

தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். காலையில்தான் அதில் குளோரின் போட்டிருக்கிறார். அதே தொட்டியில் புரோபயாடிக். போதாததற்கு முந்தின நாளிலிருந்து ஆன்டிபயாடிக்கும். விலை கொடுத்து வாங்கிய நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பகுதி கோழியின் வாய்க்குப் போகும் முன்பே செத்திருக்கும்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருந்துப் பாட்டில்களோடு மருந்தாகவே அவர் கைக்கு வந்த பொருள் அது. ஆனால் புரோபயாடிக் என்பது குடலில் குடியேற்றுகிற உயிர். இடம் காலியாக இருக்கும்போது குடியேற்றுவது எளிது. வீடு பற்றி எரியும்போது கடினம்.

இடம் காலியாக இருப்பது குஞ்சு பொரித்த முதல் சில நாட்களில். தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு, தாயின் எச்சத்தைக் கொத்தியே தனக்கு வேண்டிய பாக்டீரியாக்களைப் பெற்றுவிடும். பொரிப்பகத்துக் குஞ்சுக்குத் தாய் இல்லை. முதலில் வருவது யாரோ, அவர்களுக்கே இடம். பின்லாந்தில் நூர்மி, ரந்தாலா என்ற ஆய்வாளர்கள் 1973-இல் இதைத்தான் காட்டினார்கள்: வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைப் புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியால் அவற்றின் குடலில் எளிதில் காலூன்ற முடியவில்லை.

சரி, குடலைப் புண்ணாக்கும் இந்த அழற்சி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணி முதலில் குடல் சுவரைச் சிதைக்கிறது. அந்தக் காயத்திலிருந்து புரதம் கசிகிறது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா நல்ல கோழியின் குடலிலும் கொஞ்சம் இருக்கும்; இந்தப் புரதம் கிடைத்ததும் மளமளவென்று பெருகி நச்சைக் கக்குகிறது. குடலுறிஞ்சிகள் மழுங்கிவிடும். தின்ற தீவனம் செரிக்காமல் எச்சத்தில் வரும். கோழிகள் சாக ஆரம்பித்தால் உடனே என்னைக் கூப்பிடுவார்கள். நான் அதிகம் பயப்படுவது சாகாமல் நோய் உள்ளேயே புகையும் கூட்டத்தைத்தான். அங்கே எடை மட்டும் பின்தங்கும், கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமாகும், காரணம் தெரியாமலே விற்று முடித்துவிடுவார்கள்.

நல்ல பாக்டீரியா இங்கே பல வழிகளில் உதவுகிறது. லாக்டோபேசில்லஸ் லாக்டிக் அமிலம் சுரந்து கெட்ட கிருமிகளுக்கு இருப்பிடத்தைச் சங்கடமாக்கும். வேறு சில வகைகள் உண்டாக்கும் பியூட்டிரேட், குடல் செல்களுக்கு நேரடி உணவு. செல்களுக்கு இடையிலான பிடிப்பை அது இறுக்கும், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளையும் தணிக்கும். ஆனால் எல்லா ரகமும் எல்லாம் செய்யாது. இனமும் ரகமும் ஒரு கிராமுக்கு எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்பதும் அச்சிடப்படாத பாக்கெட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. தீவனத்தில் கலப்பதானால் பேசில்லஸ் வகை நல்லது. அதன் விதைத்துகள்கள் தீவனத்தைக் குருணையாக்கும் பெல்லட் இயந்திரத்தின் 80 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் பொதுவாகத் தாங்காது.

தண்ணீரில் கொடுப்பதானால் குளோரினை முதலில் நிறுத்த வேண்டும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கொஞ்சம் கரைத்தால் மிச்சக் குளோரின் அடங்கும். கலக்கியதைச் சில மணி நேரத்துக்குள் கோழிகள் குடித்து முடிக்கட்டும்.

நோய் முற்றிவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதை நான் எதிர்க்கவில்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் தினமும் தூவுவதைத்தான் எதிர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே அதை முழுதாகத் தடை செய்துவிட்டது. சிகிச்சை முடிந்த மறுநாள் புரோபயாடிக்கைத் தொடங்குங்கள், சிகிச்சையோடு சேர்த்து அல்ல.

அந்தப் பண்ணைக்காரர் அடுத்த தொகுதிக்கு முதல் நாளே தொடங்கினார். அப்புறம் ஒழுகும் குடிநீர் நிப்பிள்களை மாற்றினார், ரத்தக் கழிச்சல் தடுப்பையும் ஒழுங்காகச் செய்தார். 22-ஆம் நாள் போய்க் கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்தேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தது. அதில் புரோபயாடிக்கின் பங்கு எவ்வளவு, நிப்பிளின் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்டார். பிரித்துச் சொல்ல முடியாது என்றேன்.