‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ – முறைமைத் தேவைகள்

‘அறிக்கை வழங்கி’, அதாவது தரவுகளிலிருந்து அறிக்கைகளை உருவாக்கித் தரும் ‘ரிப்போர்ட் சர்வர்’ மென்பொருளை நிறுவ முற்படுவோர் முதலில் படிக்க வேண்டிய பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்று பெயர். தமிழில் பலர் இதைக் ‘கணினித் தேவைகள்’ என்று எழுதுகின்றனர். எளிய தொடர்தான், ஆனால் பொருளில் பாதியை மட்டுமே அது சுமக்கிறது.

‘சிஸ்டம்’ கிரேக்க மொழியிலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘சேர்ந்து’ என்று பொருள்படும் முன்னொட்டும் ‘நிற்கச் செய்’ என்னும் வினையும் கூடிப் பிறந்தது. எனவே தனி இயந்திரத்தை அன்று, பல உறுப்புகள் இசைந்து நிற்கும் முழுமையையே அது குறிக்கிறது.

‘ரிக்வயர்’ என்பதன் வேர், தேடுதலையும் கேட்டலையும் குறிக்கும் இலத்தீன் வினை. ‘கொஸ்டின்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். கேட்பதைக் குறித்த சொல் காலப்போக்கில் இன்றியமையாததைக் குறிக்கலாயிற்று. தமிழின் ‘வேண்டு’ என்னும் வினையில் இவ்விரு பொருளும் இன்றும் ஒன்றாக வாழ்கின்றன: ‘வேண்டுகோள்’ என்பதில் கேட்டல், ‘நினைவகம் வேண்டும்’ என்பதில் தேவை. இதனால் ‘வேண்டுவன’ என்ற சொல்லின்மேல் எனக்குத் தனி விருப்பம் உண்டு. ஆயினும் ‘தேவை’ ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால் அதையே கொள்வது நன்று.

முழுமை என்ற பொருள் ஏன் முக்கியம் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் அறிக்கை வழங்கி மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் நல்ல எடுத்துக்காட்டு. அதற்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகமும் 1.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 64 பிட் செயலியும் வேண்டும் என்பது கணினியைப் பற்றிய கூற்று. ஆனால் 2017 பதிப்பு முதல் இம்மென்பொருள் தனி நிறுவியாக (இன்ஸ்டாலர்) வருகிறது. தரவுகளைச் சேமித்துக் கையாளும் மென்பொருளான தரவுத்தளப் பொறி அதனுடன் வருவதில்லை. அறிக்கைகளின் வரையறைகளையும் கால அட்டவணைகளையும் வைத்திருக்க ஒரு தரவுத்தளமும், தற்காலிகத் தரவுகளுக்கு மற்றொன்றும் அப்பொறியில் உருவாக வேண்டும். உருவாக்குபவருக்கு அதற்கான உரிமை இருக்க வேண்டும். அப்பொறி வேறொரு கணினியிலும் இருக்கலாம் என்பதால், எவ்வளவு உயர்ந்த கணினியை வாங்கி வைத்தாலும் இந்தத் தேவைகள் தாமாக நிறைவேறா. ‘கணினித் தேவைகள்’ என்ற தலைப்போ வாசகரின் கண்ணை நினைவகத்தோடும் செயலியோடும் நிறுத்திவிடுகிறது.

‘அமைப்புத் தேவைகள்’ என்றும் சிலர் எழுதுகின்றனர். ‘செட்டிங்ஸ்’ என்பதற்கே ‘அமைப்புகள்’ என்ற சொல் திரைகளில் பரவிவிட்டதால், நிறுவிய பின் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பற்றிய பகுதியோ என்ற மயக்கத்தை இது தருகிறது. இலங்கைத் தமிழில் நன்கு வழங்கும் ‘முறைமை’ இந்த மயக்கத்துக்கு இடமளிக்காது. ஒழுங்குபட இணைந்து இயங்குவது என்ற கருத்தும் அதில் உண்டு. ஆகவே ‘முறைமைத் தேவைகள்’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் துணிபு. ‘சர்வர்’ என்பதற்குச் ‘சேவையகம்’, ‘வழங்கி’ இரண்டும் வழக்கில் உள்ளன. எதைப் பயன்படுத்தினாலும் ஓர் ஆவணத்துக்குள் ஒன்றையே பயன்படுத்த வேண்டும்.

இத்தொடருடன் வரும் இரு அடைகளிலும் கவனம் தேவை. ‘மினிமம்’ என்பது ‘குறைந்த அளவு’. அதற்குக் கீழே அம்மென்பொருளை நம்பி நிறுவ இயலாது. ‘ரெக்கமண்டட்’ என்பது ‘பரிந்துரை அளவு’. மேற்சொன்ன மென்பொருளுக்கு நினைவகத்தில் இது குறைந்தது 4 ஜிபி, தரவுத்தளம் வளர வளர இதுவும் உயர வேண்டும். இரண்டையும் ‘தேவையான அளவு’ என்று ஒரே தொடரால் மொழிபெயர்த்தால், 1 ஜிபியில் நிறுவியவர் தம் பயனர்கள் ஒரே நேரத்தில் அறிக்கை கேட்கும் நாளில்தான் வேறுபாட்டை உணர்வார்.

ஆவணத்தில் ‘முறைமைத் தேவைகள்’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ் வன்பொருள், இயங்குதளம், தரவுத்தளப் பொறி, அணுகல் உரிமை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதினால் அச்சொல்லின் பொருள் முழுவதும் வாசகரைச் சேரும்.