1351 இங்கிலாந்துக் கூலிச் சட்டம் யாருக்குப் பொருந்தியது?

1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் நுழைந்த கொள்ளைநோய் ஊர் ஊராக உழவர்களை வாரிக்கொண்டு போனது. ஆள் கிடைக்காத நிலையில், உயிர் தப்பியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். அதைத் தடுக்க மூன்றாம் எட்வர்டு மன்னர் 1349 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். அது போதாமற்போகவே, 1351 இல் நாடாளுமன்றம் அதை விரித்துச் சட்டமாக்கியது.

சொந்த நிலமோ கைத்தொழிலோ வணிகமோ இல்லாத, உடல் வலுவுள்ள, 60 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் அனைவரையும் ஆணை கட்டுப்படுத்தியது. யாரேனும் வேலைக்கு அழைத்தால் மறுக்கக் கூடாது, மறுத்தால் சிறை. பண்ணையடிமையாக இருந்தால், அவரை அழைக்கும் முதல் உரிமை அவருடைய நிலக்கிழாருக்கே உரியது. ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் வேலையை விட்டுச் சென்றாலும் சிறைதான். கூலியோ, நோய்க்கு முந்தைய 1346 ஆம் ஆண்டின் அளவைத் தாண்டக் கூடாது.

1351 சட்டம் இதைக் காசுக் கணக்காகவே எழுதி வைத்தது. வைக்கோற்புல் உலர்த்துவோருக்கு நாளுக்கு 1 பென்னி, கதிர் அறுப்போருக்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் 2 பென்னி, இரண்டாம் வாரத்தில் 3 பென்னி, சோறு கிடையாது. குளிர்காலத்தில் குடியிருந்த ஊரில் வேலை இருக்கும்போது, கோடையில் வேற்றூருக்குக் கூலிக்குப் போகவும் தடை இருந்தது; ஸ்டாஃபர்டுஷயர், டார்பிஷயர், லங்காஷயர் போன்ற சில பகுதியினர் மட்டும் வழக்கம்போல் ஆகஸ்டு அறுவடைக்குப் போய்வரலாம். இவற்றுக்குக் கட்டுப்படுவதாக ஆண்டுக்கு இருமுறை உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்க மறுத்தவரைத் தொழுமரத்தில், அதாவது கால்களை மாட்டிவைக்கும் மரச்சட்டத்தில், பூட்டினார்கள்.

உணவுப் பொருளின் விலையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று ஆணை சொன்னது உண்மைதான். ஆனால் கூலிக்கு இலக்கம் குறித்தவர்கள் தானியத்தின் விலைக்கு அப்படி ஒன்றும் குறிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்த முதலாளிக்கும் ஏட்டளவில் தண்டம் இருந்தது. எனினும் வழக்கை விசாரித்த நீதிபதிகளில் பெரும்பாலோர் நிலவுடைமையாளர்களாகவே இருந்ததால், சட்டத்தின் பாரம் கூடுதல் கூலி கேட்டவர் தலையிலேயே விழுந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1381 இல், உழவர் கிளர்ச்சி வெடித்தது. ஜூன் 14 அன்று லண்டனுக்கு வெளியே மைல் எண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரைச் சந்தித்த கிளர்ச்சியாளர்கள், பண்ணையடிமை முறையை ஒழிக்க வேண்டும், ஏக்கருக்கு 4 பென்னிக்கு மேல் குத்தகை கூடாது என்பவற்றோடு, தன் விருப்பத்தாலும் முறையான ஒப்பந்தத்தாலும் அன்றி எவரும் எவருக்கும் ஊழியம் செய்யலாகாது என்றும் கேட்டார்கள். மன்னர் இசைந்தார், ஜூலை 2 இல் அந்த இசைவைத் திரும்பப் பெற்றார்.