மூக்குக்கு நேரே எந்தத் திரை?

கம்ப்யூட்டர் முன் வேலை செய்து, கழுத்து வலியென்று என்னிடம் வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். கழுத்தின் இடது பக்கம் வலி. தோள்பட்டை எலும்பின் உள்மேல் மூலையில் விரலை வைத்து, "இங்கேதான் மேடம், முள் குத்துகிற மாதிரி இருக்கு" என்றார். ஐந்து மாதமாக இருக்கிறதாம். தலையணையை மூன்று முறை மாற்றியாயிற்று, நாற்காலியும் புதிதாக வாங்கியாயிற்று. மாத்திரை போட்டால் இரண்டு நாள் அடங்கும், அப்புறம் பழையபடி. ஸ்கேன் எடுத்துக் கொண்டு வந்திருந்தார். அதில் சொல்லும்படியாக எதுவும் இல்லை, அதனாலேயே இன்னும் பயந்து போயிருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் வேலை செய்கிறபடியே உட்காருங்கள், கையைக் கீபோர்டில் வைத்த மாதிரி வையுங்கள் என்றேன். மார்பும் இடுப்பும் எனக்கு நேராகத்தான் இருந்தன. தலை மட்டும் மெதுவாக இடப்பக்கம் திரும்பிப் போய் நின்றது. அப்படியே கண்ணைத் திறக்கச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கே அதிர்ச்சி.

மறுநாள் மேசையின் போட்டோ வந்தது. நான் நினைத்தபடியேதான். 27 இன்ச் மானிட்டர் இரண்டு, நடுவில் ஒட்டவைத்தாற்போல். இரண்டும் சேரும் அந்தக் கறுப்புக் கோடு சரியாக நாற்காலிக்கு நேரே. முன் வந்த மூன்று பேரின் மேசையும் இதே மாதிரிதான்.

இரண்டு மானிட்டர் என்றால் இரண்டையும் சமமாக, நடுக்கோட்டின் இரு பக்கமும் வைக்க வேண்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இரண்டையும் சமமாகப் பார்ப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களிடம் கேட்டால் முதலில் "பாதிக்குப் பாதி" என்பார்கள். ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றால் கதை மாறிவிடும். எழுதுவது, கணக்குப் பார்ப்பது, புரோகிராம் அடிப்பது எல்லாம் ஒரே திரையில் நடக்கும். மற்றதில் மெயிலும் அரட்டையும் திறந்து கிடக்கும், அவ்வப்போது ஒரு பார்வை. அப்படியானால் உங்கள் முக்கியத் திரை நாள் முழுவதும் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 இன்ச் மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து 60 செ.மீ. தூரத்தில் நடுவில் உட்கார்ந்தால், இடது திரையின் மையம் உங்களுக்கு நேரிலிருந்து 26 டிகிரிக்கு மேல் விலகியிருக்கும். அதன் வெளி ஓரம் 45 டிகிரி. சுமார் 15 டிகிரி வரை கண் மட்டும் நகர்ந்து சமாளித்துவிடும். அதற்குமேல் போனால் தலையும் சேர்ந்து திரும்பியாக வேண்டும்.

"கழுத்து எவ்வளவோ திரும்புமே, 26 டிகிரி ஒரு விஷயமா?" என்று கேட்கிறார்கள். திரும்பும்தான். ஆரோக்கியமான கழுத்து ஒவ்வொரு பக்கமும் 70, 80 டிகிரி வரை போகும். திரும்புவதால் மட்டும் பொதுவாக வலி வருவதில்லை. திரும்பிய இடத்திலேயே மணிக்கணக்கில் நிற்பதுதான் பிரச்சினை. ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வைப்பது எளிது. அதையே கையை நீட்டிக் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருங்கள் பார்ப்போம். தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அதைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கிற வேலையில் ஒரு பங்கு, கழுத்தின் மேல் எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் மூலை வரை இறங்கும் தசைக்கு. எல்லோரும் விரல் வைத்துக் காட்டுகிற இடமும் அந்தத் தசை வந்து சேர்கிற மூலைதான்.

சரி, என்ன செய்வது? அதிகம் வேலை செய்யும் திரையை நேருக்கு நேர் வையுங்கள். மூக்கு, தொப்புள், திரையின் மையம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கீபோர்டில் ஜி, ஹெச் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடமும் அந்தக் கோட்டிலேயே வரட்டும். கீபோர்டு முழுவதையும் அளந்து நடுவில் வைக்காதீர்கள், வலது ஓரத்து எண் கட்டைகளால் எழுத்துப் பகுதி இடப்பக்கம் தள்ளிப்போய்விடும். இரண்டாவது திரை பக்கத்தில், உங்களை நோக்கி மடித்த மாதிரி, முதல் திரையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். அதில் பத்து நிமிஷத்துக்கு மேல் படிக்க வேண்டியிருந்தால் கழுத்தைத் திருப்பாதீர்கள், நாற்காலியோடு திரும்புங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை இழுத்து முதல் திரையில் போட்டுப் படியுங்கள். அதற்கு இரண்டு நொடிகூட ஆகாது, அதைச் செய்ய ஏன் இவ்வளவு தயங்குகிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

உண்மையாகவே இரண்டையும் பாதிப் பாதி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றில் மூலப் பிரதி, இன்னொன்றில் திருத்தம் என்று வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு இணைப்புக் கோடு நடுவில் இருப்பது சரிதான். இரண்டு திரையையும் லேசாக உள்நோக்கிச் சாய்த்துக்கொண்டால் போதும். அகலமான ஒற்றைத் திரை வாங்கியவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அதை இரண்டாகப் பிரித்து இடது பாதியிலேயே நாள் முழுக்க எழுதினால் அதே கழுத்து, அதே வலிதான். முக்கிய வேலை நடக்கும் விண்டோவை நடுவில் வையுங்கள்.

உயரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். ஒரு கை நீளத் தூரம். ஆனால் இரண்டு பேரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, மேலே தூரப் பார்வையும் கீழே கிட்டப் பார்வையும் உள்ள கண்ணாடி போடுகிறவர்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்தின் பின்பக்கத்தை மடக்கிவிடுகிறீர்கள். உங்களுக்குத் திரை இன்னும் கீழே இறங்க வேண்டும், கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். இன்னொன்று, மானிட்டரைத் திருப்பிச் செங்குத்தாக நிறுத்துகிறவர்கள். 27 இன்ச் திரையை நிறுத்தினால் 60 செ.மீ. உயரம். உச்சியில் இருப்பதைப் படிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மேல் பகுதியில் அடிக்கடி பார்க்காதவற்றைப் போடுங்கள்.

லேப்டாப்பின் சொந்தத் திரையை முக்கியத் திரையாக வைத்து, பெரிய மானிட்டரைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மாற்றிவிடுங்கள். பெரியது நேரே, தனிக் கீபோர்டும் மவுஸும் முன்னால், லேப்டாப் பக்கத்தில், ஒரு மேடை மேல்.

கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே செட்டிங்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திரைகளைக் குறிக்கும் கட்டங்களை மேசையில் உள்ளபடியே, அதே பக்கம், அதே உயரத்தில் இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மவுஸ் அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் மணிக்கட்டை உதறிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு திரையில் எழுத்து பெரிதாகவும் இன்னொன்றில் பொடியாகவும் இருந்தால் அளவைக் கூட்டுங்கள், 125 அல்லது 150 சதவீதம். பொடி எழுத்தைப் படிக்கத் தலையை முன்னால் நீட்டுகிறவரிடம் எந்த நாற்காலியும் எடுபடாது. எந்தத் திரையை நேரே வைத்தீர்களோ அதையே முதன்மைத் திரையாகக் குறித்துவிடுங்கள், புதிதாகத் திறப்பது பெரும்பாலும் அங்கேயே வரும்.

இடம் மாற்றிய மறுநாளே வலி போய்விடாது. மாதக்கணக்கில் இறுகிய தசை இளக வாரங்கள் ஆகும், பயிற்சியும் தேவைப்படலாம். முதல் சில நாள் புது அமைப்பு அசௌகரியமாகக்கூட இருக்கும், பழையபடி திருப்பி வைத்துவிடாதீர்கள். கை மரத்துப்போகிறது, பிடித்த பொருள் நழுவுகிறது, நடையில் தடுமாற்றம், கழுத்து வலியோடு காய்ச்சல், விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் மேசையை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வேலையில் மூழ்கியிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து ஒரு போட்டோவும் பக்கத்திலிருந்து ஒன்றும் எடுக்கும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள். போஸ் கொடுத்து எடுத்தது எதற்கும் உதவாது. அப்படியே என்னைப் போன்ற ஒருவரிடம் வருவதானால், ஸ்கேனோடு அந்த இரண்டு போட்டோவையும் கொண்டு வாருங்கள்.