எவ்வளவு தின்றது என்பதைவிட எத்தனை தடவை தின்றது

பல் சொத்தையோடு வரும் பிள்ளையின் பெற்றோரிடம் நொறுக்குத்தீனி பற்றிக் கேட்டால், "அவ்வளவாத் தர்றதில்லை டாக்டர்" என்பார்கள். பள்ளி விட்டதிலிருந்து தூங்கும்வரை நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னால் கதை மாறும். வந்ததும் இரண்டு பிஸ்கட், வீட்டுப்பாடத்துக்கு நடுவே இன்னொன்று, அக்காவிடம் பிடுங்கிய சாக்லேட்டில் பாதி, அழுகையை நிறுத்த ஒரு மிட்டாய், படுக்கப் போகும்போது சர்க்கரை போட்ட பால். அளவு என்னவோ கொஞ்சம்தான். ஆனால் ஐந்து தடவை.

பல்லுக்கு இந்தத் தடவைக் கணக்குதான் முக்கியம். பல்மேல் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையைச் சில நிமிடங்களில் அமிலமாக்கிவிடும். அமிலம் கூடக்கூட பிஎச் என்ற அளவு குறையும்; அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம். சுவீடனில் 1940-களில் விபேஹோம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் தொடங்கிய ஆய்விலும், சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையைவிட இடையிடையே தின்ற ஒட்டும் டாஃபிதான் சொத்தையை மிகவும் கூட்டியது. (சம்மதம் சொல்ல இயலாதவர்களை வைத்து நடத்திய ஆய்வு அது. இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.)

அதனால் "தின்னவே கூடாது" என்ற சட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. சின்ன வயிறு, சீக்கிரம் பசிக்கும். பகலில் இரண்டு வேளை சிற்றுண்டிக்கு நேரம் குறித்துவிடுங்கள். அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். டப்பாவோடு டிவி முன்னால் போகக் கூடாது. நடுவில் தாகம் எடுத்தால் தண்ணீர், ஜூஸ் வேண்டாம். சிப்ஸில் இனிப்பு இல்லையே என்று நினைக்காதீர்கள். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும் அந்த மாவும் அமிலமாகத்தான் மாறும்.

தட்டைத் தள்ளிவிட்டுப் பத்து நிமிடத்தில் "பசிக்குது" என்று வந்து நின்றால்? அதே தட்டை எடுத்து வையுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த வேளைவரை பொறுக்கட்டும். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். சில நாள் அடம் பிடிக்கும். பெரும்பாலும் சட்டத்தை உடைப்பது பிள்ளை இல்லை, "ஒண்ணே ஒண்ணுதானே" என்று கையில் திணிக்கும் தாத்தா பாட்டிதான். ஃபோனில் வேலையாக இருக்கும்போது அமைதி வேண்டி பாக்கெட்டைப் பிரிக்கும் நாமும்தான்.

இரவு பல் துலக்கியபின் தண்ணீர் மட்டும். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும்; அப்போது வாயில் தங்கும் இனிப்புப் பாலைக் கழுவ ஆளில்லை.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் வந்தால் ஃபுளோரைடு பூசி, தீனி நேரத்தையும் ஒழுங்குசெய்து பெரும்பாலும் தடுத்துவிடலாம். குழி விழுந்தபின் வந்தால் பெரும்பாலும் அடைக்கத்தான் வேண்டியிருக்கும்.