நங்கூரம் விழும் நேரத்திலிருந்து பின்னோக்கி: கிழக்குக் கரையில் பாய்ப்படகுப் பாதை போடுவது எப்படி?

திருகோணமலையிலிருந்து பாசிக்குடா, மட்டக்களப்பு வழியாக அறுகம்குடா வரை கடல்வழியே ஏறத்தாழ 115 கடல்மைல். வாடகைக்கு எடுக்கும் 12 மீற்றர் கட்டமரான் (இரட்டைக்கூட்டுப் பாய்ப்படகு) 6 நொட், அதாவது மணிக்கு 6 கடல்மைல் ஓடும். கணக்குப் போட்டால் பத்தொன்பது மணித்தியாலம், அதாவது இரண்டு பகல். அப்படிக் கணக்குப் போட்டு மூன்று நாள் படகு கேட்பவர்கள் உண்டு. போக மட்டுமே நான்கு நாள் வேண்டும், திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒரு வாரம்.

இந்தக் கரையில் படகு ஓடுவதற்கு இடம் தாராளம். இராத்தங்கத்தான் இடம் இல்லை. மட்டக்களப்பிலிருந்து அறுகம்குடா வரை 57 கடல்மைல். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர் மேல் ஊராக வரும். ஒன்றிலாவது ஒதுங்கிக் கிடக்க ஒரு குடா கிடையாது. ஆகவே பாதை போடுகிறவர் 'எத்தனை மணிக்குப் புறப்படலாம்' என்று தொடங்கக்கூடாது. 'எத்தனை மணிக்கு நங்கூரம் விழவேண்டும்' என்று தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

நங்கூர நேரத்தைத் தீர்மானிப்பது சூரியன். கரை கிழக்கே பார்த்திருப்பதால் குடாவுக்குள் நுழைகிற படகு மேற்கே பார்த்து நுழைகிறது. முற்பகலில் வெயில் முதுகில் விழும். அப்போது நீரின் நிறம் அடியைக் காட்டிக்கொடுக்கும்: வெளிர்பச்சை என்றால் ஆழமில்லாத மணல், மண்ணிறத் திட்டு என்றால் முருகைக்கல், கருநீலம் என்றால் ஆழம். பிற்பகல் இரண்டு மணி தாண்டினால் வெயில் முகத்துக்கு நேரே வந்துவிடும். கடல் முழுக்க ஒரே தகரப் பளபளப்பு, கல்லும் தெரியாது, மணலும் தெரியாது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்தக் காலத்தில் பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை அடி நன்றாகத் தெரியும். போலரொயிட் கண்ணாடி போட்ட ஒருவரை அணியத்தில் (படகின் முன்முனையில்) நிறுத்தி, 2 நொட்டுக்கு மேல் போகாமல் நுழைவதுதான் முறை. ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சில மீற்றருக்குள் சொல்லும், சரி. ஆனால் கல் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்தவருக்கு அந்த வசதி இருந்திருக்காது. பழைய அளவைகளை வைத்து வரைந்த பகுதிகளில் திரையை நம்பி நுழைவது குருட்டுத் துணிச்சல்.

பாசிக்குடாவில் முற்பகல் 11.30க்கு நங்கூரம் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொட்டியாரக் குடாவைச் சுற்றி வர 45 கடல்மைல், 6 நொட்டில் ஏழரை மணித்தியாலம். அப்படியென்றால் அதிகாலை 4 மணிக்குத் துறைமுகத்தை விடவேண்டும். இருட்டில் கிளம்பினால் வலைகளுக்கு நடுவே ஓடவேண்டி வரும். 5.30க்கு வெளிச்சம் பார்த்துக் கிளம்பினால் சேர்வது ஒரு மணிக்கு. அதுவும் தாங்கும், ஆனால் வழியில் தாமதிக்க இடமில்லை. துறைமுக வாயில் தெரிந்த வழி, பாசிக்குடாக் கல் தெரியாத வழி. எனவே இருட்டைப் புறப்படும் பக்கத்தில் வைத்துக்கொள்வதே மேல்.

அடுத்தது காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நமக்குக் கச்சான். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி இறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் சூடேறும். அதனால்தான் மட்டக்களப்பில் அது காய்ந்து சுடுகிறது. படகுக்கு அது நல்ல காற்று. தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்தில் அலை எழுப்ப அதற்குத் தூரம் போதாது. 20 நொட் அடித்தாலும் கரையிலிருந்து ஒன்றிரண்டு கடல்மைலுக்குள் நீர் சிற்றலையோடு நிற்கும். அதே காரணத்தால்தான் அது ஆபத்தும்: துடுப்புப் பலகையோடு இறங்கிய விருந்தினரைக் கச்சான் மெதுவாக வெளியே தள்ளும், கிழக்கே அடுத்த தரை நிக்கோபார்.

கச்சானோடு போட்டி போடுவது கடற்காற்று. காலையில் தரை சூடேறி மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கச்சான் தளர்ந்த நாளில் அது பத்து, பதினொரு மணிக்கே தென்கிழக்கிலிருந்து எழும்பிவிடும். கச்சான் வலுத்த நாளில் பிற்பகல் வரை தாமதிக்கும், சில நாள் வரவே வராது. இரவானதும் திரும்பத் தரைக்காற்று. கைப்பேசியில் பார்க்கும் ஐரோப்பிய முன்னறிவிப்பு மாதிரியின் கட்டம் 9 கிலோமீற்றர் அகலம். கரையோரத்தில் ஒரே கட்டத்துக்குள் வாவியும் ஊரும் கடலும் அடங்கிவிடும். இந்த இழுபறியை அது துல்லியமாகக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

திருகோணமலையிலிருந்து பாசிக்குடாவுக்குப் படகின் திசை, வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், ஏறத்தாழ 153 பாகை. விடியற்காலைக் கச்சான் 225 பாகையிலிருந்து வருகிறது. படகுக்கும் காற்றுக்கும் இடைவெளி 72 பாகை, பாய் இழுக்க அருமையான கோணம். அதே படகை மதியம் 135 பாகையிலிருந்து வரும் கடற்காற்று சந்தித்தால் இடைவெளி வெறும் 18 பாகை, அதாவது நேர் எதிர்க்காற்று. வாடகைக் கட்டமரான் காற்றை 50 பாகையை விட நெருங்கி ஓடாது. வளைந்து வளைந்து ஏறினால் 10 கடல்மைல் பதினைந்தரையாக நீளும். அதனால் தெற்கே போகும் ஓட்டமெல்லாம் மதியத்துக்கு முன் முடியவேண்டும். திரும்பி வரும்போது அதே கடற்காற்று முதுகில் தள்ளும். கடினமான பக்கத்தை வாரத்தின் தொடக்கத்தில் முடித்துவிட்டு, சுலபமான பக்கத்தைக் கடைசிக்கு வைப்பது இதனால்தான். கடைசி நாளில் விருந்தினருக்கு விமானம் இருக்கும். அன்றைக்கு எதிர்க்காற்றில் மாட்டினால் படகுத் தலைவர் பொறுமை இழந்து தவறான முடிவு எடுப்பார்.

நீரோட்டம் இதற்கு நேர்மாறு. தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குக் கிழக்கே இடஞ்சுழியாகச் சுழலும் பெரிய நீர்ச்சுழல் உருவாகிறது. அதன் மேற்கு விளிம்பு நம் கரையோரமாகத் தெற்கே இழுக்கும். நாளுக்கு நாள் வேகம் மாறும் என்பதால் புத்தக எண்ணை நம்பாமல் படகிலேயே அளக்கவேண்டும்: நீர் வேகமானி 6 காட்டும்போது ஜிபிஎஸ் 7 காட்டினால் ஓட்டம் 1 நொட். அந்த ஒரு நொட் 57 கடல்மைலைத் தெற்கே எட்டு மணித்தியாலம் ஆக்கும், வடக்கே ஏறத்தாழ பதினொன்றரை ஆக்கும்.

பாசிக்குடாவில் வெகுதூரம் வரை இடுப்பளவு நீர்தான். குளிப்பவர்களுக்குச் சுகம், படகுக்கு அல்ல. கட்டமரானுக்கே 1.2 மீற்றர் நீர் வேண்டும், ஒற்றைக்கூட்டுப் பாய்ப்படகுக்கு 2 மீற்றர். வற்றுக்கும் பெருக்குக்கும் இங்கே வித்தியாசம் அரை மீற்றரைச் சுற்றித்தான் என்பதால், தரைதட்டினால் அடுத்த பெருக்கு தூக்கிவிடும் என்ற நம்பிக்கை எடுபடாது. 6 மீற்றர் நீரில், மணல்மேல் நங்கூரம் போடுங்கள். நீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1.2, பெருக்குக்கு 0.6, மொத்தம் 7.8 மீற்றர். அதன் ஐந்து மடங்கு, 39 மீற்றர் சங்கிலி. கயிறு என்றால் ஏழு மடங்கு. சங்கிலி இறுகியதும் என்ஜினைப் பின்னோட்டத்தில் மெல்ல ஏற்றி, கரையில் ஒரு தென்னையையும் பின்னால் ஒரு கம்பத்தையும் நேர்கோட்டில் பார்க்கவேண்டும். அவை விலகாவிட்டால் நங்கூரம் பிடித்துவிட்டது.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. பகலில் கடற்காற்றில் படகின் பின்புறம் கரையைப் பார்த்திருக்கும். இரவில் தரைக்காற்று எழும்போது படகு அரைவட்டம் சுற்றி மறுபக்கம் போய் நிற்கும். நங்கூரத்தை மையமாக வைத்தால் சுற்றும் ஆரை: சரிந்து கிடக்கும் சங்கிலி கிடையாக 38, படகு 12, ஆக 50 மீற்றர். அந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கமும் கல் இருக்கக்கூடாது. பிற்பகலில் இழுத்துச் சோதித்த நங்கூரம் கரைப்பக்க இழுவைக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. எதிர்ப்பக்கம் இழுபடும்போது அது புரண்டு மீண்டும் புதையவேண்டும். ஆகவே காற்று மாறிய பின் ஒருவர் எழுந்து பார்த்தே ஆகவேண்டும்.

இடியும் இந்தக் கணக்கில் வரும். 'ஊவா மாகாணத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை' என்று வானொலியில் கேட்டுப் பழகிய வாசகம் பாய்ப்படகுக்காரருக்கு நேர அட்டவணை மாதிரி. மலையில் திரண்ட முகிலைக் கச்சான் கிழக்கே தள்ள, அது மாலையிலோ இரவிலோ கரைக்கு வரும். அதன் முன்னால் வரும் திடீர்க்காற்று 35 நொட்டையும் எட்டலாம். அது தரையிலிருந்து வீசுவதால் படகைக் கல்மேல் ஏற்றாமல் வெளியே தள்ளும். இந்தக் கரை காட்டும் ஒரே தயவு அதுதான். ஓட்டத்தில் இருந்தால் 18 நொட்டிலேயே பாயை முதற்சுருக்குச் சுருக்குங்கள். முகில் கறுத்த பிறகு சுருக்க முயன்றால் கை வெட்டுப்படும், பாய் கிழியும்.

பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்புக்கு 13 கடல்மைல். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். கண் நீருக்கு மேல் 2 மீற்றரில் இருந்தால் கணக்குப்படி அதன் உச்சி 14 கடல்மைலில் அடிவானத்துக்கு மேல் வரும்; மணற்கரையோ 3 கடல்மைலுக்கு அப்பால் மறைந்துவிடும். வாவிக்குள் போகலாமே என்று கேட்பார்கள். முடியாது. வறண்ட காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும், மழைக்காலத்தில் வாய் திறந்தாலும் உடையும் அலையும் இடம் மாறும் திட்டும். அதனால் இங்கே தங்குவது திறந்த கடலில். கச்சான் உறுதியாக வீசும் இரவில் மட்டும் தங்கலாம். கிழக்குக் காற்று இருட்டிய பிறகும் தளராவிட்டால் பாசிக்குடாவுக்கே திரும்பிவிட வேண்டும். வெளியே கிடக்கும் ஹெர்ம்ஸ் கப்பலைப் பார்க்கவேண்டும் என்ற கேள்வியும் வரும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கி 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. சாதாரணச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். வாரப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

இனி 57 கடல்மைல் ஓட்டம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் 6 நொட்டில் 1.30க்கு அறுகம்குடா. கல்லடி தொடங்கி நிந்தவூர் வரை கரையிலிருந்து 2 கடல்மைலுக்குள் வராதீர்கள், அங்கே கரைவலை வளைப்பார்கள். வெளியே இரவு வலைகள் இருக்கும். மிதவையும் சிறு விளக்கும்தான் அடையாளம். கயிறு சுழலியில் சிக்கினால் பின்னோட்டம் போட்டு அவிழ்க்கப் பார்ப்பது முதல் தவறு, அது இன்னும் இறுக்கும். நடுநிலையில் வைத்து என்ஜினை நிறுத்தி, பாயிலோ மற்ற என்ஜினிலோ வலையை விட்டு விலகி, அலை அடங்கிய இடத்தில் மட்டும் கத்தியோடு ஆள் இறங்கவேண்டும். வலைக்குச் சேதம் வந்தால் நின்று பேசி ஈடு கொடுத்துவிட்டுப் போங்கள். அது ஒரு வீட்டின் பிழைப்பு.

இந்த ஓட்டத்தின் தீர்ப்பு ஒலுவிலுக்கு நேரே. மட்டக்களப்பிலிருந்து அது 31 கடல்மைல், திட்டப்படி 9.10க்கு வரவேண்டும். 10 மணிக்கும் வராவிட்டால் உங்கள் சராசரி 5 நொட். மீதி 26 கடல்மைலை எழும்பும் கடற்காற்றுக்கு எதிரே 4 நொட்டில் ஓடினால் 4.30 ஆகும், வெயில் முகத்தில், இடி முகில் மேலே. திரும்பினால் காற்று முதுகில், மூன்று மணிக்கெல்லாம் மட்டக்களப்பு. திரும்பிவிடுங்கள். ஒலுவில் துறைமுகத்தை ஒதுங்கிடமாக எண்ணவேண்டாம். 2013இல் திறந்த துறைமுகம். ஆனால் இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதடுப்புச் சுவர் அதை மறிக்க, தெற்கே மணல் குவிந்து வாயை மூடுகிறது, வடக்கே மணல் கிடைக்காத கரையைக் கடல் தின்கிறது. அந்த வாரம் அதில் போய்வந்த மீனவர் சொன்னால் ஒழிய உள்ளே போகவேண்டாம்.

சங்கமன்கண்டிக்குத் தெற்கே கடலின் நடையே மாறும். தென்சமுத்திரத்தில் பிறந்த நெட்டலை இங்கே நேராக வருகிறது. 14 விநாடி இடைவெளியுள்ள அலையின் நீளம் 306 மீற்றர். நீளத்தில் பாதி ஆழத்திலேயே, 153 மீற்றரிலேயே, அது அடியைத் தொட்டு வளையத் தொடங்கும். 8 விநாடிக் காற்றலைக்கு அது 50 மீற்றரில்தான். அதனால் முனை காற்றலையை மறைத்தாலும் நெட்டலை முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் வரும். அலையில் சறுக்குபவர்கள் அறுகம்குடா உல்லைக்கு வருவது அதற்காகவே. நங்கூரத்தில் கிடப்பவர்களுக்கு அதே அலை இரவெல்லாம் உருட்டல். காற்று ஒரு திசை, அலை வேறு திசை என்பதுதான் தொல்லை. பின்புறம் சிறிய இரண்டாம் நங்கூரம் போட்டு அணியத்தை அலைக்கு நேரே பிடித்தால் பாதி தீரும். முன்னறிவிப்பில் அலை உயரத்தை விட இடைவெளியைப் பாருங்கள்: 1 மீற்றர், 15 விநாடி என்பது 1.5 மீற்றர், 7 விநாடியை விட இங்கே மோசமான இரவு.

டீசலைப் பாய் இல்லாததுபோல் கணக்கிடுவது நல்லது. போய்வர 230 கடல்மைல், 6 நொட்டில் 38 மணித்தியாலம், மணிக்கு 4 லீற்றர் என்றால் சுமார் 155. மூன்றில் ஒரு பங்கு கூட்டி 205 லீற்றர் திருகோணமலையிலேயே ஏற்றிவிடுங்கள். தெற்கே வாங்கினால் பெற்றோல் செட்டிலிருந்து கலனில் கொண்டுவந்து சிறுபடகில் ஏற்றவேண்டும். வெளிநாட்டுக் கொடிப் படகு என்றால் முகவர் மூலம் திருகோணமலையில் நுழைவு அனுமதி முடித்த பிறகே தெற்கே திரும்பலாம். எந்தப் படகானாலும் தங்கும் இடங்களையும் நாட்களையும் எழுதி முன்கூட்டியே கரையோரக் காவலிடம் கொடுங்கள்.

முன்பதிவு ஏட்டை ஏப்ரல் நடுவில் திறந்து செப்டம்பர் 30இல் மூடவேண்டும். அக்டோபரில் கச்சான் தளர்ந்து காற்றுக்கு ஒரு திசை இல்லாமல் போகும். மழை வந்து முகத்துவாரம் வெட்டியதும் மரக்கட்டையும் நீர்த்தாவரமும் கடலுக்கு வந்து சேரும். நவம்பரில் வங்காள விரிகுடாப் புயல்கள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்தது அப்படி ஒன்றுதான். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் மேலே சொன்ன ஒவ்வொரு குடாவும் காற்றுக்கு நேர்முகம். சங்கிலியை எத்தனை மடங்கு விட்டாலும் அப்போது கணக்கு ஒப்பேறாது.